இர்திஜால்: மஜ்லிஸ்ல பாராட்டு, ஆபீஸ்ல திட்டு! அரபில 'திடீர்னு', 'சட்டுனு', 'தானா' பத்தி ஒரு டவுட்

மணல்காடன்

மக்களே ஒரு டவுட். நான் ஷார்ஜால ஒரு காண்ட்ராக்டிங் ஆபீஸ்ல டாக்குமெண்ட் கன்ட்ரோலர், பேச்சு அரபி ஓரளவு ஓடும், எழுத்து அரபி சாயங்கால கிளாஸ்ல படிச்சிட்டு இருக்கேன். கிளாஸ்ல உஸ்தாத் 'இர்திஜால்'னு ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தார், முன்னேற்பாடு எதுவும் இல்லாம நின்ன இடத்துலயே கவிதையோ பேச்சோ கட்டி விடுறது, அரபுக்காரங்களுக்கு இதவிட பெரிய கெத்து கிடையாதுன்னு ரொம்ப நேரம் உருகிப் பேசினார். சரின்னு மனசுல வச்சுக்கிட்டேன். இந்த வாரம் ஆபீஸுக்கு கன்சல்டன்ட்கிட்ட இருந்து ஒரு லெட்டர், சைட்ல எடுத்த சில முடிவுகள 'கராராத் இர்திஜாலிய்யா'ன்னு எழுதியிருக்கு. ஆஹா பாராட்டுதான் போலன்னு நினைச்சுக்கிட்டே எங்க சிரியாக்கார இஞ்சினியர்கிட்ட நீட்டினா மனுஷன் மூஞ்சி இருண்டு போச்சு. ஒரே வார்த்தை எப்படிங்க ரெண்டு பக்கமும் பேசும்?

அப்படியே இன்னொன்னும் சொல்லுங்க. திடீர்னு, சட்டுனு, தற்செயலா, தானா, இதுக்கெல்லாம் புக்ல 'ஃபஜ்அதன்'தான் போட்டிருக்கான். சைட்ல ஒருத்தர் வாயிலயும் அத நான் கேட்டதில்ல.

கல்லிவல்லி

அண்ணே ஃபஜ்அதன் நியூஸ் வாசிக்கிறவன் சொல்றது. எகிப்துக்காரன் சொன்னா அதுலயும் ஜ-வ க ஆக்கி 'ஃபக்அ'ன்னு முடிச்சிடுவான். நான் குவைத்ல இருக்கேன், இங்க ஈராக்கி குவைத்தி ரெண்டு பேருமே அடிக்கடி சொல்றது 'அலா கஃப்லா', அதாவது அசந்த நேரம் பாத்து வர்றது. லெபனான் சிரியா பக்கம் 'மர்ரா வஹ்தா'ன்னு கேப்பீங்க, ஒரேயடியான்னு நாம சொல்றோமே அந்த மாதிரி. ஆனா சவூதில 'மர்ரா'ன்னா ரொம்பன்னு அர்த்தம், அங்க போய் குழம்பாதீங்க.

பின்னாடி இருந்து யாராவது 'பே'ன்னு கத்தி நீங்க தூக்கிவாரிப் போட்டு எந்திரிச்சா என்ன சொல்றதுங்கறதுதான் ஊருக்கு ஊர் மாறும். குவைத்ல 'கர்ரஅத்னி', எகிப்துல 'கள்ளேத்னி', ஜித்தா பக்கம் 'ஃபஜஅத்னி'. இந்த கடைசிய பாத்துட்டு அட ஃபஜ்அதன்தான்னு நினைக்க வேணாம், அது வேற வேர். ஃபஜ்அதன்ல கடைசில இருக்கறது ஹம்ஸாங்கற எழுத்து, இதுல ஐன்ங்கற எழுத்து. ஐன் போட்டா பேரிழப்பு, சாவு சேதின்னு கனமான அர்த்தம் வரும், ஜித்தாக்காரன்தான் அத இறக்கி சும்மா பயமுறுத்திட்டியேப்பான்னு ஆக்கி வச்சிருக்கான்.

ஆச்சரியத்துக்கு எகிப்துக்காரன் 'யா கபர் அப்யள்'னுவான், அட வெள்ளைச் சேதியேன்னு. விஷயம் நல்லதா இருக்கணும்னு இல்ல, கார் இடிச்சாலும் அதான். நிஜமாவே குடி முழுகினாதான் 'யா நஹார் இஸ்வித்', கறுப்பு நாளேன்னு வரும். மொராக்கோ ஆளு 'நாரீ!'ன்னு கத்துவான், என் நெருப்பேன்னு அர்த்தம், முதல் தடவை கேட்டப்ப எங்கயோ தீப்பிடிச்சிடுச்சுன்னு நினைச்சேன் 😂

மதரஸா_பெஞ்ச்

அஸ்ஸலாமு அலைக்கும். கல்லிவல்லி பாய் சொன்ன கஃப்லாவுக்கு குர்ஆன்லயே இடம் இருக்கு. மூஸா நபி ஊருக்குள்ள நுழைஞ்சது ஊர்க்காரங்க கஃப்லாவா இருந்த நேரத்துலன்னு 28ஆவது சூராவுல வருது. இன்னொரு வார்த்தை 'பக்ததன்'. இறுதி நாள் எப்படி வரும்னு கேட்டா பக்ததன்தான் வரும்னு பதில், 7ஆவது சூராவுல இருக்கு. எனக்குத் தெரிஞ்சு இந்த வார்த்தைய யாரும் பர்த்டே பார்ட்டிக்கு போடுறதில்ல, அதுக்கு 'முஃபாஜஆ' இருக்கு. பக்ததன் வந்தாலே வேதனை, தண்டனை, இல்லன்னா பட்டாளத்துக்காரன் திடீர்த் தாக்குதல்னு அந்த வழிலதான் போகும், நியூஸ்ல 'ஹுஜூம் முபாகித்'னு கேட்டிருப்பீங்க, அதே வேர்தான்.

வியப்புக்கு தனி இலக்கணமே இருக்கு, 'தஅஜ்ஜுப்'னு பாடம். "மா அஹ்ஸன ஸ்ஸமாஅ!" வானம் என்னமா அழகா இருக்கு! எங்க ஹஜ்ரத் இத நடத்தும்போது சொல்ற கதை ஒண்ணு. அபுல் அஸ்வத் அத்-துஅலியோட பொண்ணு ராத்திரி வானத்தப் பாத்து "மா அஹ்ஸனு ஸ்ஸமாஇ"ன்னு சொல்லிடுச்சாம். உயிர்க்குறி மாறினதும் அது கேள்வியாயிடுச்சு, வானத்துல எது அழகுன்னு. அப்பாவும் "அதோட நட்சத்திரங்கதான் தாயி"ன்னு பதில் சொல்லிட்டார். "நான் கேக்கல வாப்பா, வியந்தேன்"னு பொண்ணு சொல்ல, "அப்படின்னா வாயத் தொறந்து 'மா அஹ்ஸன'ன்னு சொல்லும்மா"ன்னு திருத்தினாராம். அரபி இலக்கணம் எழுதவே இதுதான் தூண்டுதல்னு ஒரு வழக்கு. நடந்துச்சோ இல்லையோ, பாடம் மறக்காது.

கணக்குப்பிள்ளை

எல்லாம் சரி, ஓபி, அதான் இழைய ஆரம்பிச்ச மணல்காடன், கேட்ட மெயின் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலயே. இர்திஜால் பெருமையா திட்டா?

என் அபிப்ராயம் சொல்றேன், அது எப்பவுமே கொஞ்சம் டுபாக்கூர் மேட்டர்தான். மேடைல சட்டுனு கவிதை கட்டினான்னு சொல்றதெல்லாம் வீட்ல மனப்பாடம் பண்ணிட்டு வந்து அவிழ்த்து விடுறது. ஆபீஸ்காரன் அத அப்பட்டமா சொல்லிட்டான், கவிஞனுங்க மூடி மறைக்கிறானுங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

நஹ்வு_நாராயணன்

கணக்குப்பிள்ளை சார் எப்பவும் போல சிக்ஸர் அடிக்கப் போய் க்ளீன் போல்ட் 😀 இந்த சந்தேகம் அரபுக்காரங்களுக்கே ஆயிரம் வருஷமா இருக்கு, அதனாலதான் அவங்க இதுக்கு ஒரே வார்த்தையோட நிக்கல. இப்னு ரஷீக்னு கைரவான் ஊர்க்காரர், இன்னைக்கு துனிஷியா, 11ஆம் நூற்றாண்டு. 'அல்-உம்தா'ன்னு கவிதைக்கலை பத்தின அவர் புத்தகத்துல இர்திஜாலுக்கும் 'பதீஹா'வுக்கும் நடுவுல கோடு போடுறார். பதீஹான்னா அங்கயே கட்டுறதுதான், ஆனா ஒரு கணம் யோசனைக்கு இடம் உண்டு. இர்திஜால்னா கொட்டுறது, நடுவுல நிக்கவே கூடாது. இந்த வார்த்தை எங்க இருந்து வந்துச்சுன்னு ரெண்டு விளக்கம் தர்றார். ஒண்ணு, சுருட்டை இல்லாம நேரா வழிஞ்சு விழற முடிய 'ரஜில்'னு சொல்லுவாங்க, அந்த வழியுற தன்மை. இன்னொன்னு, கயிறு இல்லாம கால வச்சே கிணத்துக்குள்ள இறங்குறதுக்கு இர்திஜால்னு பேரு. ரிஜ்ல்னா கால்.

எனக்கு அந்தக் கிணறுதான் பிடிச்சிருக்கு. கயிறு இல்லாம இறங்கறவன் கிணத்தப் பத்தி ஒண்ணுமே தெரியாதவனா இருக்க முடியாது, எந்தக் கல்லு வழுக்கும், எங்க கால் வைக்க பொந்து இருக்குன்னு தெரிஞ்சவன்தான் இறங்குவான். மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிக்கிறது கயிறு கட்டி இறங்குறது. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கட்டாதீங்க.

பழைய கதைல பெரிய இர்திஜால்னா ஹாரிஸ் இப்னு ஹில்லிஸா, இஸ்லாமுக்கு முந்தின காலத்துக் கவிஞர். ஹீரா ராஜா அம்ர் இப்னு ஹிந்து முன்னாடி, எதிர்க் குலத்துக்காரனுங்க சபைல இருக்க, வில்ல ஊன்றி சாஞ்சுக்கிட்டே தன்னோட முஅல்லகா (அந்தக் காலத்துப் புகழ்பெற்ற நெடுங்கவிதைங்களுக்கு அதான் பேரு) முழுசையும் அங்கயே சொன்னார்னு சொல்றாங்க. கோவத்துல வில்லு உள்ளங்கைய குத்தினது கூட தெரியலையாம்.

கணக்குப்பிள்ளை

> சொன்னார்னு சொல்றாங்க

அதான் சார். சொல்றாங்க. எழுதி வச்சது யாரு?

நஹ்வு_நாராயணன்

சரி, எழுத்துல இருக்கற ஆதாரமே தர்றேன். அபூ தம்மாம், 9ஆம் நூற்றாண்டு, அப்பாஸிய கலீஃபா முஃதஸிமோட பையன் அஹ்மத புகழ்ந்து பாட்டு படிக்கிறார். அம்ரோட துணிச்சல், ஹாதிமோட கொடை, அஹ்னஃபோட பொறுமை, இயாஸோட மூளை எல்லாம் ஒண்ணாச் சேர்ந்தவர் நீங்கன்னு ஒரு வரி. சபைல இருந்த தத்துவஞானி அல்-கிந்தி குறுக்க பூந்து, நீ உவமை சொன்ன ஆளுங்க எல்லாரவிடவும் அமீர் உசத்தியாச்சே, காட்டரபிங்களோட போய் ஒப்பிடுறியேன்னு மட்டம் தட்டிட்டார். அபூ தம்மாம் தலையக் குனிஞ்சார், நிமிர்ந்தார், அதே சந்தத்துல அதே எதுகைல ரெண்டு வரி. சாரம் இதான்: அவருக்குக் கீழ இருக்கறவங்கள உவமை சொன்னேன்னு குறை சொல்லாதீங்க, அல்லாஹ்வே தன்னோட ஒளிக்கு சுவத்து மாடத்தையும் விளக்கையும்தானே உவமையா எடுத்தான். குர்ஆன் 24ஆவது சூராவோட ஒளி வசனத்தத் தூக்கி வச்சிட்டார், இனி யாரு எதிர்த்துப் பேச முடியும்? அப்புறம் அவர் கைல இருந்த தாள வாங்கிப் பாத்தா அந்த ரெண்டு வரி அதுல இல்லவே இல்ல.

கணக்குப்பிள்ளை

தாள்ல இல்ல, ஜேப்புல இருந்திருக்கும் 😏 இப்படி ஒருத்தன் கேப்பான்னு தெரிஞ்சே ரெண்டு வரிய ஸ்பேர்ல வச்சிருந்தா?

ஆனா ஒண்ணு, தலையக் குனிஞ்சார்னு நீங்களே சொல்றீங்க. அப்போ உங்க இப்னு ரஷீக் கணக்குப்படி இது பதீஹா, இர்திஜால் இல்ல.

நஹ்வு_நாராயணன்

அடேங்கப்பா. பாயிண்ட். பதீஹாதான், ஒத்துக்கறேன்.

மதரஸா_பெஞ்ச்

பதீஹால இருந்து வர்ற 'பதீஹி'ங்கற வார்த்தையையும் சேத்துக்குங்க. கணக்குல நிரூபணம் கேக்காம ஏத்துக்கற அடிப்படை உண்மைங்க இருக்குல்ல, அதுக்கு 'பதீஹிய்யாத்'. சட்டுனு தோணுறதும், சொல்லாமயே விளங்குறதும் ஒரே குடும்பம். டக்கு டக்குனு பதில் சொல்றவன 'ஹாளிருல் பதீஹா'ன்னு சொல்லுவாங்க. அந்த ஹாளிர்தான் நம்ம கோர்ட்டுல 'ஆஜர்' ஆகி நிக்கிறது.

ஊதுக்காரி

இத்தன நேரம் படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இசைய யாரும் தொடாததால வர்றேன். நான் ஊது கத்துக்கிட்டு இருக்கேன், அதாங்க அந்த பேரிக்கா வடிவ வாத்தியம். அங்க தனி வாசிப்புக்கு 'தக்ஸீம்'னு பேரு, பன்மைல 'தகாஸீம்'. தாளம் இல்ல, எழுதி வச்ச ஸ்வரம் இல்ல, ஒரு மகாம, நம்ம ராகம் மாதிரி, எடுத்துக்கிட்டு வாசிக்கிறவர் தானே போறது. கணக்குப்பிள்ளை சார் கேக்கற கேள்விய நான் என் டீச்சர்கிட்டயே கேட்டிருக்கேன். அவர் பதில் சொல்லல, ஒரே மகாம்ல ஒரு தக்ஸீம் வாசிச்சார், கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொன்னு. ஆரம்பிச்ச இடம் ஒண்ணு, வந்து இறங்கின இடம் ஒண்ணு, நடுவுல போன ரோடு மட்டும் சுத்தமா வேற. மகாமுக்குன்னு ஒரு நடைப்பாதை இருக்கு, 'ஸைர்'னு சொல்றாங்க, எந்த ஸ்வரத்துல இருந்து கிளம்பணும், எங்க தங்கணும், எப்போ மேல ஏறணும், பக்கத்து மகாமுக்கு எந்த வாசல் வழியா போய்ட்டு வரணும்னு. அது கைல பழகாம இர்திஜால் கிடையாது.

இன்னொரு விஷயம், இது வாசிக்கிறவரோட தனி வேலையும் இல்ல. ஒரு சொற்றொடர் முடியுற இடத்துக்கு 'கஃப்லா'ன்னு பேரு, அலா கஃப்லால வர்ற கஃப்லா இல்ல, இது காஃப் எழுத்து, பூட்டுறதுன்னு அர்த்தம். அந்த கஃப்லா சரியா வந்து விழுந்துச்சுன்னா கூட்டம் "அல்லாஹ்!"ன்னு வாய்விட்டு சொல்லும், "யா ஸலாம்!" "அஇத்!"னு கத்துவாங்க, அஇத்னா திரும்பப் பாடு. எகிப்துப் பாடகி உம்மு குல்தூம் கச்சேரி அந்தக் காலத்துல மாசத்துல முதல் வியாழக்கிழமை ராத்திரி ரேடியோல நேரலையா போகும், அந்தப் பதிவுங்கள கேட்டா கூட்டத்தோட சத்தமும் பாட்டுக்குள்ளயே இருக்கும். ஒரே வரிய திரும்பத் திரும்பப் பாடுவாங்க, ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி, கூட்டம் விடாததால ஒரு பாட்டு ஒரு மணி நேரம் ஓடும். அந்தப் போதை நிலைக்கு பாடுறவங்க பக்கம் 'ஸல்தனா', கேக்கறவங்க பக்கம் 'தரப்'. நம்ம மனோதர்மம்னு ஒரு வார்த்தைல சொல்லி முடிச்சிடலாம்னு பாத்தேன், முடியல, ஏன்னா அங்க கூட்டத்தோட குரலுக்கும் பங்கு இருக்கு.

கல்லிவல்லி

அக்கா கூட்டத்தப் பத்தி சொன்னதும்தான் ஞாபகம் வருது, சவூதில 'கல்தா'ன்னு ஒண்ணு இருக்கு, 'முஹாவரா'ன்னும் சொல்லுவாங்க, யூடியூப்ல போட்டா விடிய விடிய ஓடும். ரெண்டு கவிஞருங்க. எதிரெதிரா ரெண்டு வரிசையா ஆம்பளைங்க தோளோட தோள் ஒட்டி நிப்பாங்க. முதல் கவிஞர் மெட்ட எடுத்துக் கொடுத்து தன்னோட வரிய சொல்லுவார், ஒரு வரிசை முதல் பாதிய திருப்பிப் பாடும், இன்னொரு வரிசை மறு பாதிய, கைதட்டிக்கிட்டே. அவங்க திருப்பிப் பாடுற அந்த நேரம்தான் எதிராளிக்கு இருக்கற அவகாசம். அது முடிஞ்சதும் அதே சந்தத்துல அதே எதுகைல பதில் வந்தாகணும். எதிராளி முகத்த உத்துப் பாத்தீங்கன்னா தெரியும், கண்ணு எங்கயோ இருக்கும், உதடு மட்டும் லேசா அசைஞ்சுக்கிட்டே இருக்கும்.

இதுல சூட்சுமம் என்னன்னா வெறும் சந்தம் போதாது. முதல் ஆளு விஷயத்த முறுக்கித்தான் சொல்லுவார், அதுக்கு 'ஃபத்ல்'. வெளிய ஒட்டகம் கிணறுன்னு இருக்கும், உள்ள குலச்சண்டையோ அரசியலோ இருக்கும். மத்தவர் முறுக்கப் பிரிச்சு, புரிஞ்சுதுன்னு காட்டி, தன் பதிலயும் முறுக்கிக் கொடுக்கணும், அது 'நக்ள்'. ஒட்டகத்துக்கு ஒட்டகமாவே பதில் சொன்னா போச்சு, கூட்டத்துக்கு தெரிஞ்சிடும் ஆளு சிக்கலன்னு. எங்க கேம்ப்ல ஒரு சவூதி டிரைவர் மொபைல்ல இத போட்டுட்டு ஒவ்வொரு வரிக்கும் எனக்கு அர்த்தம் சொல்லுவான், சொல்லி முடிக்கறதுக்குள்ள அடுத்த நாலு வரி போயிருக்கும்.

கணக்குப்பிள்ளை அண்ணே, எதிராளி என்ன சொல்லுவான், எந்த எதுகைல சொல்லுவான்னே தெரியாதப்ப எத மனப்பாடம் பண்ணிட்டு போறது?

ஊதுக்காரி

லெபனான்ல இதுக்கு 'ஸஜல்'. மேஜை, மேஜைல அரக்குங்கற சாராயமும் மெஸ்ஸேங்கற சின்னச் சின்ன தீனித் தட்டும், கவிஞருங்க உக்காந்துதான் பாடுவாங்க, கைல தஃப்பு. வாளு பெருசா பேனா பெருசா, வெள்ளையா கறுப்பான்னு ஆளுக்கு ஒரு பக்கம் எடுத்து சண்டை. கடைசி வரிய 'ரத்தாதா' குழு வாங்கிப் பாடும். 2014ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. ஜோசஃப் அல்-ஹாஷிம்னு ஒருத்தர், பட்டப்பேரு ஸக்லூல் அத்-தாமூர், தாமூர் ஊரோட புறாக்குஞ்சுன்னு அர்த்தம், 2018ல இறந்தார், அவர் பழைய டிவி பதிவுங்கள பாருங்க, தோத்தவனும் சேர்ந்து சிரிப்பான்.

மணல்காடன்

நிறைய கிடைச்சிருக்கு, நன்றி மக்களே. ஆனா என் லெட்டர் இன்னும் தொங்குது. இவ்வளவு மரியாதை உள்ள வார்த்தை ஆபீஸுக்குள்ள வந்ததும் ஏன் கெட்டுப் போச்சு? அப்புறம் 'தில்காஈ' 'அஃப்வி' ரெண்டும் ஒண்ணா? போன்ல டேட்டா பேக்கேஜ் மெசேஜ்ல 'தஜ்தீத் தில்காஈ'ன்னு வருது, காசு எடுத்துட்டுத்தான் மெசேஜே வருது 😡

மதரஸா_பெஞ்ச்

தில்காஈன்னா தானா நடக்கறது. 10ஆவது சூராவுல 'மின் தில்காஇ நஃப்ஸீ'ன்னு வரும், என் இஷ்டத்துக்கு நானா மாத்த எனக்கு உரிமை இல்லன்னு. அங்க அது மனுஷனோட சொந்த விருப்பம். இன்னைக்கு மெஷின், ரீசார்ஜ், கதவு எல்லாம் தில்காஈ. ஒரு ஆளப் பத்தி சொன்னா நடிப்பில்லாம மனசுல பட்டத பேசறவன்னு பாராட்டு, உங்க பேக்கேஜுக்கு ஆட்டோமேடிக்.

அஃப்வி வேற. 'அஃப்வ்'ல இருந்து வர்றது, சிரமப்படாம மிஞ்சி வர்றது, தானா கைக்கு வர்றது. என்ன தர்மம் பண்ணணும்னு கேட்டா 'அல்-அஃப்வ்'னு 2ஆவது சூராவுல பதில், தேவைக்குப் போக மிஞ்சினத கொடுங்கன்னு விளக்கம் சொல்லுவாங்க. குழந்தை சிரிச்சா அஃப்வி, மெஷின் ஓடினா அந்த வார்த்தை வராது. தற்செயலுக்கு 'ஸுத்ஃபா', அதுல ஒரு பழமொழியே உண்டு, ஆயிரம் அப்பாயிண்ட்மெண்டவிட ஒரு தற்செயல் சந்திப்பு மேல்னு. ரோட்ல பழைய ஃப்ரெண்ட பாத்தா இத சொல்லாத அரபி கிடையாது.

நஹ்வு_நாராயணன்

ஓபியோட லெட்டருக்கு வர்றேன். வார்த்தை கெடல, அது நின்ன இடம் மாறிடுச்சு. கவிஞன் கால் வழுக்கினா விழறது அவன் ஒருத்தன்தான், கூட்டம் சிரிக்கும், அடுத்த ஆளு எந்திரிப்பான். சைட் மேனேஜர் வரைபடத்தப் பாக்காம கம்பிய மாத்திக் கட்டினா விழறது வேற யாரோ. அதனால இன்னைக்கு எழுத்து அரபில இர்திஜாலுக்கு எதிர்ச்சொல் 'தக்தீத்', திட்டமிடல். பேப்பர்ல அரசாங்கத்தத் திட்டணும்னா 'ஸியாஸா இர்திஜாலிய்யா', திட்டமில்லாத கொள்கைன்னு தலையங்கம் எழுதுவாங்க. நாடகத்துலயும் இந்தக் கதைதான். எகிப்துல வசனத்த விட்டு வெளிய போறதுக்கு 'குரூஜ் அனின்னஸ்'னு பேரு, ஜனங்க காசு கொடுத்து வர்றதே காமெடியனுங்க அப்படி வெளிய போறத பாக்கத்தான், ஆனா ஸ்கிரிப்ட சென்சார்தான் பாத்து அனுமதிக்கணும், அனுமதிச்சதுல இல்லாதத பேசினா குத்தம். நடிகர் ஸயீத் ஸாலிஹ் அப்படி மேடைல சேத்துச் சொன்ன பேச்சுக்காக ஜெயிலுக்கே போனவர்.

ஆனா கவிதைக்குள்ளயும் எல்லாரும் இர்திஜால் கட்சி இல்ல. 9ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் ஜாஹிழ் 'அல்-பயான் வத்-தப்யீன்'ங்கற புத்தகத்துல அரபுங்களுக்கு எல்லாமே பதீஹாவும் இர்திஜாலும்தான், ஏதோ உள்ளுணர்வு மாதிரி கொட்டுது, கஷ்டப்படுறதே இல்லன்னு எழுதுறார், அவர் காலத்துல அரபுங்கள மட்டம் தட்டினவங்களுக்குப் பதிலா சொன்னது, அந்த சூட்ட கழிச்சிட்டுத்தான் படிக்கணும். ஏன்னா இன்னொரு பக்கம் இஸ்லாமுக்கு முந்தின காலத்துக் கவிஞர் ஸுஹைர் இருக்கார். ஒரு கவிதைய வருஷம் முழுக்க செதுக்குவாராம், அந்தக் கவிதைங்களுக்கே 'ஹவ்லிய்யாத்', வருஷத்துக் கவிதைன்னு பேரு. இப்படிப்பட்டவங்கள கவிதைக்கு அடிமைன்னு பழைய மொழி அறிஞர் அஸ்மயீ சொன்னார், முழுக்கப் பாராட்டாவும் சொல்லல.

கணக்குப்பிள்ளை

ஸுஹைர் நம்மாளு 👍

நஹ்வு_நாராயணன்

உங்காளோட முஅல்லகாலதான் இந்த இழைக்கு வேண்டிய இன்னொரு வார்த்தை இருக்கு. சாவு எப்படி வருதுன்னு சொல்றார்: 'கப்த அஷ்வா'. அஷ்வான்னா ராத்திரில கண்ணு தெரியாத பெண் ஒட்டகம். அது இருட்டுல கால எங்க வைக்குதுன்னு பாக்காம மிதிச்சுக்கிட்டே போகும், மிதி பட்டவன் செத்தான், தப்பினவன் கிழவனாகி தளர்ந்து போவான். அந்த ஒட்டகத்துல இருந்துதான் இன்னைக்கு 'அஷ்வாஈ', எந்த முறையும் இல்லாம கண்டபடி நடக்கறது. ஸ்டாடிஸ்டிக்ஸ்ல ரேண்டம் சாம்பிளுக்கு அதான் வார்த்தை, கெய்ரோவுல பிளான் இல்லாம முளைச்ச குடியிருப்புங்களுக்கு 'அஷ்வாஇய்யாத்'. ஓபி, உங்க லெட்டர்ல இர்திஜாலிய்யாவோட நிறுத்தினான்னா கொஞ்சம் மரியாதையாத்தான் எழுதியிருக்கான், அஷ்வாஇய்யான்னு போட்டிருந்தா உங்க இஞ்சினியர் அன்னைக்கே பேப்பர் போட்டிருப்பார்.

மணல்காடன்

அடுத்த பாராவுல அதுவும் இருக்கு சார் 😭

கல்லிவல்லி

🤣🤣 கல்லி வல்லி, விட்டுத் தள்ளுங்கண்ணே

ஊதுக்காரி

நாராயணன் சார், உங்க பேருலயே நஹ்வு, அதாவது இலக்கணம், வச்சிருக்கீங்க, மதரஸா பெஞ்ச் வியப்புக்கு இலக்கணம் சொன்னார், அதிர்ச்சிக்கு ஏதாவது இலக்கணம் இருக்கா?

நஹ்வு_நாராயணன்

இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். இருக்கு, பேரே 'இதா அல்-ஃபுஜாஇய்யா', திடீர் இதா. இதான்னா சாதாரணமா 'வரும்போது', 'வந்தா'ன்னு சொல்றோமே அந்த அர்த்தம். ஆனா ஒரு வாக்கியத்துக்கு நடுவுல 'ஃப-இதா'ன்னு வந்து பின்னாடி பெயர்ச்சொல் வந்தா கதையே மாறிடும். பாடப்புத்தக உதாரணம்: "கரஜ்து ஃப-இதல் அஸது பில்பாப்". வெளிய வந்தேன், பாத்தா வாசல்ல சிங்கம்! பேச்சுல நாம 'பாத்தா'ன்னு போடுறோம்ல, அந்த வேலைய அது செய்யும். திடீர்னுன்னு ஒரு வார்த்தையே அங்க தேவையில்ல. மூஸா நபி கைத்தடிய கீழ போட்டதும் "ஃப-இதா ஹிய ஹய்யதுன் தஸ்ஆ", பாத்தா அது ஓடுற பாம்பு. 20ஆவது சூரா.

இந்த இதாவால ஒரு மனுஷன் வாழ்க்கையே முடிஞ்சு போச்சு. ஸீபவைஹி, ஷீராஸ் பக்கத்துல பிறந்த பாரசீகர், பஸ்ராவுல கலீல்கிட்ட படிச்சவர், அரபி இலக்கணத்துக்கே அஸ்திவாரம் போட்ட புத்தகம் அவரோடது. பாக்தாதுக்கு வர்றார். அங்க ஹாரூன் ரஷீதோட பசங்களுக்குப் பாடம் சொல்ற கிஸாயீ, பஸ்ராவுக்குப் போட்டியான கூஃபா இலக்கணக் கட்சி. வஜீர் யஹ்யா பர்மகி சபைல ரெண்டு பேரையும் மோத விட்டாங்க. கிஸாயீ கேட்ட கேள்வி: "தேளுதான் குளவியவிட பலமா கொட்டும்னு நினைச்சேன், பாத்தா அதுவும் இதுவும் ஒண்ணுதான்", இதுல கடைசிய எப்படி சொல்லணும், 'ஃப-இதா ஹுவ ஹிய'வா, 'ஃப-இதா ஹுவ இய்யாஹா'வா? ஹியன்னா எழுவாய் வடிவம், இய்யாஹான்னா செயப்படுபொருள் வடிவம். ஸீபவைஹி 'ஹுவ ஹிய' மட்டும்தான்னார். ரெண்டும் சரின்னார் கிஸாயீ. தீர்ப்புக்கு வாசல்ல இருந்த நாட்டுப்புற அரபிங்கள கூப்பிட்டாங்க, அவங்க கிஸாயீ சொன்னதுதான் சரின்னாங்க. காசு வாங்கிட்டாங்கன்னும் பேச்சு இருக்கு. ஸீபவைஹி கேட்டது ஒண்ணுதானாம்: 'சரி'ன்னு தலையாட்ட வேணாம், அந்த வாக்கியத்த அவங்க வாயால சொல்லச் சொல்லுங்க, அவங்க நாக்கு வளையாது. யஹ்யா 10,000 திர்ஹம் கொடுத்து அனுப்பி வச்சார். மனுஷன் பஸ்ராவுக்குத் திரும்பல, நேரா பாரசீகம் போய் கொஞ்ச காலத்துலயே இறந்துட்டார். இந்தக் கேசுக்கு 'அல்-மஸ்அலா அஸ்-ஸுன்பூரிய்யா'ன்னு பேரு, குளவிப் பிரச்சினை.

கணக்குப்பிள்ளை

அந்த ஊர்க்காரனே சரின்னு சொன்னா சரிதானே சார்? தாய்மொழிக்காரனவிட இலக்கணம் எழுதின வெளியூர்க்காரன் எப்படி பெருசு?

நஹ்வு_நாராயணன்

சொன்னாத்தானே. அவங்க அந்த வாக்கியத்த சொல்லவே இல்ல, அதான் ஸீபவைஹியோட வாதமே. குர்ஆன்ல எடுங்க, 7ஆவது சூராவுல மூஸா நபி கைய வெளிய எடுத்ததும் 'ஃப-இதா ஹிய பைளாஉ', பாத்தா அது வெள்ளை, அங்கயும் எழுவாய் வேற்றுமைதான். பாம்பு வசனத்துலயும் அதேதான்.

மதரஸா_பெஞ்ச்

ஆனா கூஃபா பக்கம் 'இய்யாஹா'வுக்கு உள்ள ஒரு மறைஞ்ச வினைச்சொல் இருக்குன்னு வச்சு சமாளிக்கலாம்னு எங்க ஹஜ்ரத் சொல்லியிருக்கார். பின்னாடி வந்த இலக்கணக்காரங்க அதுக்குப் பல வழி காட்டியிருக்காங்க.

நஹ்வு_நாராயணன்

வழி காட்டலாம் பாய், ஆனா கேஸு ஜெயிச்சப்புறம் சாட்சி தேடுற மாதிரி இருக்கு. நான் பஸ்ரா கட்சி, ஹுவ ஹிய. கூஃபா கட்சிக்கு வாதாட ஆளு இருந்தா தனி இழை போடுங்க, வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு வாங்க, கணக்குப்பிள்ளை சார் ஜட்ஜ்.